சின்னப் பிள்ளைகளோடு தியேட்டருக்கு: மதுரைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சின்னப் பிள்ளைகள் தியேட்டரில் அழுவது பெரும்பாலும் படத்தால் அல்ல. விளக்கு அணைந்ததும் அழுகிறார்கள், முதல் சத்தம் நெஞ்சில் இடித்ததும் அழுகிறார்கள். பசி, குளிர், ஒண்ணுக்கு முட்டுவது என்று மற்றதும் சேர்ந்துகொள்ளும். எந்தப் படத்துக்குப் போவது என்று ஒரு வாரம் பேசுகிற வீட்டில், அந்த இருட்டுக்கும் சத்தத்துக்கும் பிள்ளையைப் பழக்க அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. அதை ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

கீழே இருப்பது 3 முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் டிக்கெட்டைப் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

## 1. மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்

டிக்கெட் ஆப்பில் படத்தின் நீளம் போட்டிருக்கும். அது மட்டும் கணக்கல்ல. இரண்டரை மணி நேரப் படம் என்றால் முன்னால் விளம்பரமும் டிரெய்லரும் 10 அல்லது 15 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், நீங்கள் சீக்கிரம் போய் உட்காரும் 15 நிமிடம். உள்ளே மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

இதோடு பயணத்தைச் சேருங்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வருகிற குடும்பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஆகும். நான்கு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் தாங்காது. தாங்கினாலும் கடைசி ஒரு மணி நேரம் சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

அதனால் முதல் படம் 90 முதல் 110 நிமிடத்துக்குள் இருப்பது நல்லது. தமிழில் டப் செய்யப்பட்டு வரும் அனிமேஷன் படங்கள் பெரும்பாலும் இந்த நீளத்தில்தான் இருக்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்தை இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு இது தேவையே இல்லை. "வீட்டில் விட ஆள் இல்லை" என்பது உண்மையான சிரமம்தான். ஆனால் அதற்காகத் தூக்கிக்கொண்டு போனால் படம் பார்ப்பது ஒருவர், வராண்டாவில் நடப்பது ஒருவர் என்று ஆகிவிடும். அம்மாச்சியோ அப்பத்தாவோ பார்த்துக்கொள்கிற நாளாகப் பார்த்துப் பெரிய பிள்ளையை மட்டும் கூட்டிப் போங்கள்.

## 2. சான்றிதழைப் பாருங்கள், பிறகு படம் பார்த்தவரிடம் கேளுங்கள்

தணிக்கைச் சான்றிதழில் யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. பல தியேட்டர்களில் கைக்குழந்தையையும் விடுவதில்லை. கைக்குழந்தைதானே, என்ன புரியப் போகிறது என்று ஏ படத்துக்கு வந்து வாசலோடு திரும்புகிற குடும்பங்கள் உண்டு.

நடுவில் உள்ள யு/ஏ பிரிவு 2024 முதல் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: 7+, 13+, 16+. அந்த எண் பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. 16+ படத்துக்கும் ஆறு வயதுப் பிள்ளையோடு உள்ளே போக முடியும், தடுக்க மாட்டார்கள். தடுக்க வேண்டியது நீங்கள்தான். ஏழு வயதுக்குக் கீழே யு படம் மட்டும் போதும்.

யு என்று இருப்பதாலேயே பிள்ளை பயப்படாது என்று சொல்ல முடியாது. சண்டையும் ரத்தமும் இல்லாத படத்தில் தாய் சாகும் காட்சி இருக்கும். பெரியவர்களுக்குக் கண் கலங்கும், அவ்வளவுதான். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். அதனால் படம் வந்த முதல் வாரம் பொறுத்திருந்து, பார்த்தவர் யாரிடமாவது மூன்று கேள்வி கேளுங்கள்:

- அம்மாவோ அப்பாவோ சாகிறார்களா?
- பிள்ளை காணாமல் போகிறதா, யாராவது கடத்துகிறார்களா?
- திடீரென்று பெரிய முகமோ பெரிய சத்தமோ வந்து தூக்கிப்போடுகிற இடம் உண்டா?

"படம் நல்லா இருக்கா?" என்று கேட்டால் இது எதுவும் வெளியே வராது. மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால், அந்த இடம் இடைவேளைக்கு முன்னாலா பின்னாலா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிள்ளையை மடிக்கு மாற்றிவிடலாம்.

## 3. நாளும் காட்சியும்

முதல் வாரம் பொறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய நடிகர் படம் என்றால் முதல் நாள்களில் மதுரை தியேட்டர்கள் திருவிழாக்கோலத்தில் இருக்கும். வாசலில் வெடியும் மேளமும், உள்ளே விசிலும் காகிதத் தூவலும். ரசிகர்களுக்கு அது கொண்டாட்டம், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்கு மட்டும் அது இடமல்ல. இரண்டாவது வாரத்தில் ஒரு வார நாள் காலைக்காட்சியோ மேட்னியோதான் நமக்குத் தோது.

பிள்ளை மதியம் தூங்குகிற பழக்கம் உள்ளதென்றால் காலைக்காட்சிதான். தூங்கும் நேரத்தில் உட்கார வைத்த பிள்ளை முதல் பாதியில் எரிச்சலோடு இருக்கும், பாதித் தூக்கத்தில் சண்டைச் சத்தம் கேட்டு அலறி எழும். இரவுக்காட்சி வேண்டவே வேண்டாம்.

தியேட்டரை வீட்டுத் திசை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேலூர்ப் பக்கமிருந்து வருவோருக்கு மாட்டுத்தாவணி வட்டாரம் வசதி. அருப்புக்கோட்டைச் சாலைப் பக்கத்தாருக்கு வில்லாபுரம். எந்த அரங்கு பெரிது, எங்கே சவுண்டு அதிகம் என்கிற பேச்செல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு அரை மணிப் பயணம் குறைவதுதான் லாபம். சித்திரைத் திருவிழா நாள்களிலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் மாசி வீதி, வெளி வீதிப் பக்கம் வண்டி நகராது. அந்த நாள்களில் ஊருக்கு நடுவில் இருக்கும் தியேட்டரைத் தவிருங்கள்.

முப்பரிமாணக் காட்சியும் சாதாரணக் காட்சியும் இரண்டும் ஓடினால் சாதாரணக் காட்சிக்கே போங்கள். அந்தக் கண்ணாடி சின்ன முகத்தில் நிற்காது. கையால் பிடித்துக்கொண்டே பார்த்து, பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டு, மங்கலான திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

## 4. சீட்: இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்

ஆப்பில் வருகிற சீட் படத்தில் திரை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். சில அரங்குகளில் ஏ வரிசை முதல் வரிசை, சிலவற்றில் கடைசி வரிசை. எழுத்தை வைத்து முடிவு செய்து முன்வரிசையில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. முன்வரிசையில் பிள்ளையின் கண் முழுக்கத் திரை அடைத்துக்கொள்ளும், கழுத்தும் வலிக்கும்.

அடுத்தது ஸ்பீக்கர். திரைக்குப் பின்னால் ஒரு தொகுதி இருக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் வரிசையாக இன்னும் சில இருக்கும். சுவரை ஒட்டிய சீட் என்றால் காதுக்கு நேராக ஒன்று வரும். கடைசி வரிசையும் அப்படித்தான். ஆகவே அரங்கின் நீளத்தில் பாதி தாண்டி, கடைசி இரண்டு மூன்று வரிசைகளை விட்டு, நடுநடைபாதையை ஒட்டிய சீட்டாக எடுங்கள். நடுநடைபாதை இல்லாத அரங்கில் ஓரச் சீட்டையே எடுத்து, சுவர்ப்பக்கம் பெரியவர் உட்காருங்கள். வரிசை நடுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அவசரமாக எழுந்து போகும்போது எட்டுப் பேர் காலைத் தாண்ட வேண்டிவரும்.

உட்காரும் முறை: நடைபாதை ஓரம் ஒரு பெரியவர், அடுத்துப் பிள்ளை, அடுத்து இன்னொரு பெரியவர். இரண்டு பிள்ளைகள் என்றால் சின்னது நடைபாதைப் பெரியவர் பக்கம். யார் எழுந்து வெளியே தூக்கிப் போவது என்று வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பல தியேட்டர்களில் 3 வயதுக்கு மேல் டிக்கெட் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பிள்ளைக்கென்று ஒரு சீட் போடுவதே நல்லது. மூன்று மணி நேரம் மடியில் வைத்தால் இரண்டு பேருக்கும் வியர்க்கும், கால் மரத்துப்போகும்.

இனி மடங்கும் சீட். எழுந்தால் தானாக மேலே மடங்குகிற இந்த சீட்டுகள் பெரியவர் எடைக்கு அமைத்தவை. சின்னப் பிள்ளை பின்னால் நகர்ந்து முதுகைச் சாய்த்ததும், முன்பக்கம் எடை இல்லாமல் பலகை எழும்பும். முழங்கால் மூக்குக்கு வந்து, பிள்ளை இடையில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். முதல் தடவை சிரிக்கும், மூன்றாவது தடவை அழும். தியேட்டரில் பிள்ளைகள் உட்காரும் மெத்தை இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் பையைச் சீட்டின் முன்விளிம்பில் பிள்ளையின் காலுக்கடியில் வையுங்கள். எடை முன்னால் வந்ததும் பலகை நிற்கும். பின்பக்க மூட்டு இடைவெளியில் விரலை நுழைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 5. ஒரு வாரம் முன்பிருந்து வீட்டில் பழக்குங்கள்

மூன்று சாயங்காலம் போதும்.

முதல் நாள், டிவி போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள். பிள்ளையின் கையாலேயே சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். தானே அணைத்த இருட்டுக்குப் பிள்ளை பயப்படுவதில்லை. பத்து நிமிடம் போதும்.

இரண்டாம் நாள், அதே இருட்டில் சத்தத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார வையுங்கள். பாயில் புரண்டு படம் பார்த்தே பழகிய பிள்ளைக்கு நாற்காலியில் கால் தொங்க உட்காருவதே புதுசு.

மூன்றாம் நாள், படத்தின் டிரெய்லரைக் காட்டுங்கள். கதையை முழுசாகச் சொல்லலாம், தவறே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பெரியவர்களுக்குச் சுவை குறையும், பிள்ளைகளுக்குப் பயம் குறையும். தெரிந்த கதையைப் பத்துத் தடவை கேட்கிறவர்கள்தானே அவர்கள்.

"சத்தம் போட்டா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்", "இருட்டுல பூச்சாண்டி வருவான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தியேட்டர் வாசலில் காக்கிச்சட்டைக் காவலாளியைப் பார்த்ததும் அங்கேயே அழுகை தொடங்கிவிடும்.

## 6. காது

85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருப்பதுதான் வேலையிடத்தில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு மணி நேரம். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது. சண்டைக்காட்சியில் சத்தம் இந்த எண்களைத் தாண்டிப் போவதுண்டு.

பிள்ளைகளுக்கான காதடைப்பு, அதாவது ஹெட்போன் போல வளைந்து காதை முழுக்க மூடுவது, கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. அதைப் படத்தன்று புதிதாக மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடும். மேலே சொன்ன இரண்டாம் நாளிலேயே மாட்டிப் பழக்குங்கள். படம் முழுக்க வேண்டியதில்லை, சத்தம் ஏறும்போது மாட்டி, பேச்சு வரும்போது கழற்றலாம். பஞ்சு வைப்பதில் பெரிதாகப் பலன் இல்லை. காதுக்குள் திணிக்கிற சின்ன ரப்பர் அடைப்பு வாய்க்குப் போய்விடும், வேண்டாம்.

சவுண்டு தாங்க முடியவில்லை என்றால் வெளியே நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். ஆபரேட்டரால் குறைக்க முடியும். கேட்பதற்குத்தான் நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள்.

## 7. உடையும் பையும்

வெளியே சித்திரை வெயில், உள்ளே ஏசி. கையில்லாச் சட்டையோடு வந்த பிள்ளை முக்கால் மணி நேரத்தில் நடுங்கும், உடனே ஒண்ணுக்கு வரும். பருத்திச் சட்டை போட்டு, போர்த்த ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் பயம் தெரிந்தால் அதே துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கச் சொல்லலாம். பார்ப்பதும் மறைவதும் தன் கையில் இருந்தால் பிள்ளை தைரியமாகிவிடும்.

மிதித்தால் விளக்கு எரியும் ஷூ, கீச்கீச்சென்று சத்தமிடும் செருப்பு, சலங்கைக் கொலுசு மூன்றையும் வீட்டில் விடுங்கள். முன்னால் இருப்பவர்களுக்கும் படம் ஓட வேண்டும். மால் தியேட்டருக்குப் போகிறீர்கள் என்றால் நீளப் பாவாடையோடும் மெத்தென்ற ரப்பர் செருப்போடும் எஸ்கலேட்டர் ஏற்றாதீர்கள். இரண்டுமே படி ஓரத்தில் சிக்கும். லிஃப்டில் போங்கள்.

பையில்: துண்டு, ஒரு மாற்று ஜட்டியும் கால்சட்டையும், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை, காதடைப்பு, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று.

## 8. சாப்பாடும் தண்ணீரும்

படத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டில் இட்லியோ தயிர்ச்சோறோ வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். போகிற வழியில் புரோட்டா, ஜிகர்தண்டா என்று இறங்காதீர்கள். பாலும் சர்க்கரையும் குளிர்ச்சியுமாக ஒரு தம்ளர் ஜிகர்தண்டா உள்ளே போனால் படம் தொடங்கி அரை மணியில் கழிப்பறைக்கு ஓட வேண்டும். படம் முடிந்து வாங்கிக் கொடுங்கள், அதைச் சொல்லியே சமாளிக்கவும் உதவும்.

வெளிச்சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய அளவு உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்பதும் அதில் உண்டு. சின்னக் குழந்தையின் பாலையோ சத்துமாவுக் கஞ்சியையோ வாசலில் நிறுத்தினால் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

நான்கு வயதுக்குக் கீழே பாப்கார்ன் கொடுக்கக் கூடாது. பொரியாத கடினமான துண்டும் மெல்லிய தோலும் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். இருட்டில் மல்லாந்து சாய்ந்தபடி, சிரித்துக்கொண்டே சாப்பிடும்போது ஆபத்து இன்னும் கூடும், உங்களுக்கும் முகம் தெரியாது. கடலையும் அப்படித்தான். பிஸ்கட், வாழைப்பழம், மெத்தென்ற கேக் போதும்.

## 9. விளக்கு எரியும்போதே உள்ளே போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். காட்சி நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால், கழிப்பறை போய்விட்டு, விளக்கு எரிகிற அரங்குக்குள் நுழையுங்கள். வெளிச்சத்தில் பிள்ளை படியை எண்ணும், திரையைப் பார்க்கும், சீட்டை மடக்கி விளையாடும். அந்த இடம் அதனுடையதாகிவிடும். பிறகு விளக்கு அணைந்தாலும் தெரிந்த இடம்தான் இருட்டாகிறது. இருட்டான பிறகு நுழைகிற பிள்ளைக்கு அது ஒரு கறுத்த குகை, நடுவில் ராட்சதத் தலை ஒன்று பேசிக்கொண்டிருக்கும்.

கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் இருந்தால் அதை இயக்காதீர்கள். அதன் இரைச்சலுக்குப் பயந்துபோன பிள்ளை இடைவேளையில் உள்ளே வரவே மறுக்கும்.

டிரெய்லர்களில் சண்டையும் வெடியும் நெருக்கமாக வரும். புகைபிடிக்கும் காட்சி உள்ள படமென்றால் தொடக்கத்திலும் இடைவேளை முடிந்தும் புகையிலை எச்சரிக்கைப் படம் ஓடும். அதில் வரும் நோயாளிகளின் முகம் பிள்ளைகளை உலுக்கிவிடும். அந்த நேரத்தில் பிள்ளையை உங்கள் பக்கம் திருப்பி வைத்துப் பேச்சுக் கொடுங்கள். அதெல்லாம் முடிந்து படம் தொடங்கியதும், "இதோ, நம்ம படம்" என்று திருப்புங்கள்.

## 10. இடைவேளை

இடைவேளைக்குக் கூட்டம் எழுந்த பிறகு எழுந்தால் கழிப்பறை வரிசையில் பத்து நிமிடம் போய்விடும். படத்தின் மொத்த நீளத்தில் பாதியைக் கணக்கிட்டு, அதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே ஒரு பெரியவர் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். "வருதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்லும். "வா, போயிட்டு வந்துருவோம்" என்று எழுப்புங்கள்.

கையை விடாதீர்கள். கேன்டீன் வாசலில் பர்ஸை எடுக்க விடுகிற அரை நிமிடத்தில்தான் பிள்ளைகள் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். வாங்குவது ஒருவர், பிடித்துக்கொண்டு நிற்பது ஒருவர். விளக்கு அணையும் முன் திரும்பி உட்காருங்கள், காரணம் முன்னால் சொன்னதுதான்.

## 11. அழுதால்

அரை நிமிடம் தட்டிக்கொடுத்துப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போங்கள். இருட்டிலேயே வைத்து "உஷ்" என்று அதட்டினால் பயத்தோடு திட்டும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சத்தில் தண்ணீர் கொடுத்து, என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள். சத்தமா, இருட்டா, அந்த வில்லனா? பதில் கிடைத்தால் வழியும் கிடைக்கும்.

திரும்பிப் போகலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே சீட்டுக்குப் போகாமல் கதவருகே நின்று இரண்டு நிமிடம் பார்க்கவிட்டு, பிறகு உட்காருங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்யலாம். மூன்றாவது தடவை என்றால் வீட்டுக்குக் கிளம்புங்கள். டிக்கெட் காசு போனது போனதுதான். அழுகிற பிள்ளையை இழுத்து உட்கார வைத்து மீதிப் படத்தைப் பார்த்தால் அடுத்த தடவை தியேட்டர் வாசலே ஆகாது.

## 12. வெளியே வரும்போது

படம் முடிந்ததும் எழாதீர்கள். கூட்டம் வெளியேறும் ஐந்து நிமிடத்தில் போன் டார்ச்சை அடித்துச் சீட்டுக்கடியில் பாருங்கள். ஒற்றைச் செருப்பும் காதடைப்பும் அங்கேதான் கிடக்கும்.

படியிறங்கும் வழியிலேயே படத்தைப் பற்றிப் பேச விடுங்கள். எந்த இடத்தில் பயந்தது என்று தானாகச் சொல்லும். "அதெல்லாம் சும்மா" என்று தள்ளிவிடாமல், அந்தக் காட்சியில் கடைசியில் என்ன ஆனது என்பதைப் பிள்ளை வாயாலேயே சொல்ல வையுங்கள். ராத்திரி தூங்கும்போது நினைவுக்கு வந்தாலும் முடிவோடு சேர்த்தே வரும்.

பைக்கில் வந்தவர்கள் வண்டியை எடுக்கும் முன் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். படம் முடிந்த களைப்பில் காற்று பட்டதும் பத்து நிமிடத்தில் தலை சாயும். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்த பிள்ளை அப்படியே ஒரு பக்கம் சரியும். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் சட்டப்படியே கட்டாயம், வேகமும் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. கண் சொக்கிவிட்டால் பிள்ளையோடு ஒருவர் ஆட்டோவில் போங்கள், பைக் பின்னால் வரட்டும்.